நகைநட்டு இல்லாத அழகு

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்கக் கார் என்றதும் பலருக்கு நினைவு வருவது பளபளக்கும் குரோமும், வால்பக்கம் ராக்கெட்போல எழும்பி நிற்கும் துடுப்பும்தான். அதே நாட்டில், அதே காலத்தில், ஒரு பூண்கூட அதிகமாக மாட்டாமல் செய்த கார்களும் உண்டு. என் மனத்தைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

● 1958-ல் வந்த பியூக் காரின் முகப்பு கிரில்லில் மொத்தம் 160 குரோம் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு பட்டைகள் தீட்டியிருந்தார்கள். வெயிலில் நிறுத்தினால் எதிரே வருபவர் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். "எவ்வளவு குரோமோ அவ்வளவு மதிப்பு" என்று வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து நம்பிய காலம் அது.

● அடுத்த ஆண்டே, 1959-ல், காடிலாக் தன் துடுப்புகளை அதுவரை எந்தக் காரிலும் இல்லாத உயரத்துக்குக் கொண்டுபோனது. துடுப்பு பிறந்த கதை 1940-களைச் சேர்ந்தது. பி-38 என்ற இரட்டை வால் போர்விமானத்தைப் பார்த்து மயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லும் அவர் குழுவும் 1948 காடிலாக்கின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு வைத்தார்கள். அந்தக் குட்டி மேடு அழகாகவே இருந்தது. பத்தே ஆண்டில் அது கத்திபோல வளர்ந்துவிட்டது.

● அந்த ஆரவாரம் ஓய்ந்த கையோடு வந்ததுதான் 1961 லிங்கன் கான்டினென்டல். துடுப்பு கிடையாது. பக்கவாட்டில் அலங்காரப் பட்டையும் கிடையாது, இரட்டை வண்ணமும் கிடையாது. மட்கார்டின் மேல்விளிம்பில் மட்டும், வேட்டிக்குக் கரை வைத்ததுபோல, ஒரே ஒரு பளபளப்புக் கோடு. முந்தைய ஆண்டு லிங்கனைவிட நீளம் ஓர் அடிக்கும் மேல் குறைந்திருந்தது. பெரிய கார் என்றால் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போக வேண்டும் என்றிருந்த சந்தையில் இதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

● இந்தக் கார் லிங்கனாகப் பிறந்திருக்க வேண்டியதே இல்லை! வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல் இதை ஃபோர்டு தண்டர்பேர்டுக்காகக் களிமண்ணில் செய்து வைத்திருந்தார். அப்போது ஃபோர்டில் செல்வாக்கோடு இருந்த ராபர்ட் மெக்னமாராவின் கண்ணில் அந்தக் களிமண் மாதிரி பட்டது. ஃபோர்டின் இன்னொரு பிராண்டான லிங்கனையே மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். இதற்கு நான்கு கதவு வைக்க முடியுமா, லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். முடிந்தது. 1961 ஜனவரியில் அதே மெக்னமாரா அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகப் போய்விட்டார். அவர் பணியாற்றிய அதிபர் கென்னடியின் அரசாங்கக் காராக வந்து சேர்ந்ததும் ஒரு 1961 கான்டினென்டல்தான். அந்தக் கார் இப்போது டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

● 1961 கான்டினென்டலின் பின்கதவு பின்னோக்கித் திறக்கும். பார்ப்பவர்கள் அதை ஓர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது காலுக்கு இடம் தேடிய தீர்வு. வண்டியைக் குட்டையாக்கியதால் பின்சீட்டிலிருந்து இறங்கும்போது வழக்கமான கதவில் கால் இடித்தது. கீலைப் பின்பக்கம் மாற்றிவிட்டார்கள், இடிப்பது நின்றது. இன்று அந்தக் காரின் அடையாளமே அந்தக் கதவுதான். அலங்காரமாகச் சேர்த்த எதையும்விட, தேவைக்காக வைத்த ஒன்று நீடித்து அழகாக இருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

● மூடுதுணி மடிக்கும் மாடலில் இன்னொரு அற்புதம். மேல்துணியை இறக்கினால் அது முழுவதும் டிக்கி மூடிக்கு அடியில் போய் மறைந்துவிடும். பின்னால் மூட்டைபோலத் துணி குவிந்து நிற்காது. இதற்காக டிக்கி மூடியின் கீலைப் பின்விளிம்பில் வைத்து, மோட்டாரும் ஹைட்ராலிக்கும் ரிலேக்களும் சேர்த்து ஒரு பெரிய ஏற்பாட்டையே உள்ளே ஒளித்திருந்தார்கள். வெளியே தெரியும் எளிமைக்கு உள்ளே இவ்வளவு வேலை.

● 1961-ல் அமெரிக்கத் தொழில் வடிவமைப்பாளர் கழகம் தன் வெண்கலப் பதக்கத்தை இந்தக் காருக்குக் கொடுத்தது. அவர்கள் ஒரு காரைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

● சுத்தமான பக்கவாட்டு ஏன் கஷ்டம்? இது பலரும் யோசிக்காத விஷயம். பெயின்ட் அடித்த தகடு ஒரு கண்ணாடி. மரம், மேகம், எதிர்வீட்டுச் சுவர் எல்லாம் அதில் விழும். தகட்டில் ஒரு நூல் அளவு அலை இருந்தாலும் அந்தப் பிம்பம் நெளியும், கண் உடனே கண்டுபிடித்துவிடும். நடுவில் ஒரு குரோம் பட்டையை ஓட்டிவிட்டால் பார்வை அதில் போய் ஒட்டிக்கொள்ளும், நெளிவு தப்பித்துவிடும். இரட்டை வண்ணம் அடித்த கார்களில் இரண்டு நிறமும் சேரும் கோட்டை மறைப்பதும் அந்தப் பட்டையே. பட்டை இல்லாத காரில் மறைத்துக்கொள்ள இடமில்லை.

அதனால்தான் டெட்ராய்ட் கார் கம்பெனிகளின் ஸ்டுடியோக்களில், களிமண் மாதிரி முடிந்ததும் அதன்மேல் டைநாக் என்ற மெல்லிய படலத்தை ஈரமாக இழுத்து ஒட்டி, வெளிச்சத்தை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். வெளிச்சக்கோடு முன்விளக்கில் கிளம்பி வால்வரை தடுக்காமல் போக வேண்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே படலத்தை உரித்து, களிமண்ணைச் சீவி, மறுபடி ஒட்டுவார்கள்.

● குரோம் என்று நாம் சொல்வதில் குரோமியம் மிகக் கொஞ்சம். அடியில் செம்பு, அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். துரு ஏறாமல் காப்பதும், பளபளப்பில் பெரும்பங்கு தருவதும் நிக்கல்தான். கொரியப் போர் நடந்த ஆண்டுகளில் நிக்கல் கிடைக்காமல் குரோமியத்தை நேராகச் செம்பின்மேல் ஏற்றினார்கள். சீக்கிரமே கொப்பளித்துவிட்டது.

● அமெரிக்க அரசாங்கமே கார்களின் நகையைக் கழற்றிய காலமும் உண்டு. 1942 தொடக்கம். குரோமியமும் நிக்கலும் போருக்குத் தேவை என்று பம்பர் தவிர மற்ற பளபளப்புக்குத் தடை வந்தது. கிரில், விளக்கு வளையம், பட்டை, எழுத்து எல்லாவற்றுக்கும் வெறும் பெயின்ட். பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றுவிட்டதால் இப்படி வந்த வண்டிகள் மிகக் குறைவு. 'பிளாக்அவுட்' கார் என்று சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள். நகை இல்லாத அதே உடம்பைப் படத்தில் பார்க்கும்போதுதான் மட்கார்டின் வளைவு எவ்வளவு நன்றாக இருந்தது என்று தெரிகிறது.

● 1935 நவம்பர், நியூயார்க் கார் கண்காட்சி. கார்டு 810 என்ற காரைச் சுற்றிக் கூட்டம். பின்னால் நின்றவர்கள் பக்கத்துக் கார்களின் பம்பர்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்களாம். அப்படி என்ன இருந்தது என்று கேட்பதைவிட என்ன இல்லை என்று கேட்பதே சரி. நின்றுகொண்டிருக்கும் கிரில் இல்லை. மூக்கைச் சுற்றி ஓடும் கிடைவாட்டுப் பட்டைகள் மட்டும். ஏறுபடி இல்லை. கதவுக் கீல் வெளியே தெரியவில்லை. ஹெட்லைட்டும் தெரியவில்லை! அவை மட்கார்டுக்குள் படுத்திருந்தன. டேஷ்போர்டின் இரு கோடியிலும் ஒவ்வொரு கைப்பிடி. இருட்டியதும் அதைச் சுற்றினால் விளக்கு மெல்ல மேலெழும். வலப்பக்கக் கைப்பிடியை எட்ட ஓட்டுநர் சீட்டின் குறுக்கே சாய வேண்டும். இந்த விளக்குகள் ஸ்டின்சன் விமானத்தின் தரையிறங்கு விளக்கிலிருந்து வந்தவை.

வடித்தவர் கார்டன் பியூரிக். காரைக் காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. எப்படியோ கையால் கட்டி முடித்தார்கள். கியர்பாக்ஸ் மட்டும் தயாராகவில்லை. அது இல்லாமலே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 810-ம் அதன் அடுத்த வடிவமான 812-ம் சேர்ந்து மூவாயிரத்தை எட்டவில்லை, கம்பெனி மூடியது. இந்தியானா மாநிலம் ஆபர்னில், அந்தக் கம்பெனியின் பழைய தலைமையகக் கட்டடமே இன்று அருங்காட்சியகம்.

● ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டு அப்பாவைப்போல இயந்திரப் பித்தர் அல்ல. கோடும் வடிவமும் அவர் உயிர். 1939-ல் ஃபுளோரிடாவில் விடுமுறைக்குப் போகும்போது ஓட்ட ஒரே ஒரு கார் வேண்டும் என்றார். வடிவமைப்பாளர் பாப் கிரெகரி, லிங்கன் செஃபிர் வரைபடத்தின்மேலேயே கோடு போட்டு, தகட்டைத் தாழ்த்தி, பானட்டை நீட்டி, ஸ்டெப்னியை முதுகில் நிமிர்த்தி வைத்தார். பளபளப்பு அனேகமாக எதுவும் இல்லை. அங்கே பார்த்த நண்பர்கள் எல்லாரும் எனக்கொன்று என்று கேட்க, அது லிங்கன் கான்டினென்டல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எட்சல் 1943-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார்.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் இந்தக் காரை வாங்கித் தனக்குப் பிடித்த செம்மண் சிவப்பு அடித்துக்கொண்டார். மேற்கூரையைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டியபோது பின்கண்ணாடியே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.

● 1951-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சிற்பங்களை வைப்பதுபோல வைத்தது. அமெரிக்கக் கார்கள் மூன்று. ஒன்று கார்டு. ஒன்று எட்சலின் கான்டினென்டல். மூன்றாவது எது தெரியுமா? ராணுவ ஜீப்!

ஜீப்பில் அழகுக்காக வைத்த ஓர் ஆணிகூட இல்லை. அதன் முகத்தில் தெரியும் செங்குத்துத் துளைகளும் சிக்கனத்தின் பிள்ளைகள்தான். ஆரம்பத்தில் கம்பிப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெல்டு செய்துகொண்டிருந்தார்கள். ஃபோர்டு பொறியாளர்கள் ஒரே தகட்டை அச்சில் அழுத்தித் துளைபோட்டார்கள்; விலையும் எடையும் குறைந்தன. அந்த முகத்தின் சாயல்தான், 1940-களின் இறுதியில் மும்பையில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய ஜீப் வழியாக, நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் வாசல்வரை வந்து நின்றது.

● "ஷூபாக்ஸ்" என்று செல்லப்பெயர் வாங்கியது 1949 ஃபோர்டு. தனித்தனியாகத் துருத்திய மட்கார்டுகளை உடம்போடு சேர்த்து, பெட்டிபோல வழவழவென்று ஆக்கிய கார். அந்த ஒரு மாடலிலேயே பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியை நிமிர்த்தியது.

● 1955 ஏப்ரலில் வடிவமைப்பு மேதை ரேமண்ட் லோவி 'அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கக் கார்கள் சக்கரம் வைத்த ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாடும் பெட்டி) ஆகிவிட்டன என்பது குற்றச்சாட்டு. பேச அவருக்கு உரிமை இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன்புதான் அவர் ஸ்டுடியோவில் ராபர்ட் போர்க் வடித்த ஸ்டூடிபேக்கர் கூப்பே வந்திருந்தது: தாழ்ந்து, மெலிந்து, கொஞ்சமே குரோமோடு. என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் ஆக அழகான தகடு அது. 1953-ல் அதே கலை அருங்காட்சியகம் நடத்திய இரண்டாவது கார் காட்சியில் அதுவும் இடம்பெற்றது. ஆனால் விற்பனைக்காரர்கள் கேட்டார்கள் என்று 1955 மாடலின் மூக்கில் கனமான குரோமை அப்பிவிட்டார்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மனசு வலிக்கும்.

● லோவி விடவில்லை. 1961-ல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வீடு எடுத்து, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, சில வாரங்களில் ஸ்டூடிபேக்கர் அவான்டியை வடித்தார். கடிகாரத்தைக்கூட அங்கே வைக்கவிடவில்லை என்று சொல்வார்கள். கண்ணாடியிழை உடம்பு, முகத்தில் கிரில்லே கிடையாது, காற்று பம்பருக்கு அடியில் நுழையும்.

● கிரில் இல்லாத இன்னொன்று 1960 ஷெவர்லே கார்வேர். எஞ்சின் பின்னால், அதுவும் காற்றிலேயே குளிரும் எஞ்சின்; ரேடியேட்டரே இல்லாதபோது முன்னால் வாய் எதற்கு? இடுப்பைச் சுற்றி ஓடும் ஒரு வரம்பு, நான்கு விளக்கு, அவ்வளவுதான். ஜெர்மனியின் என்எஸ்யு பிரின்ஸ், பிரிட்டனின் ஹில்மன் இம்ப் என்று ஐரோப்பியச் சின்னக் கார்கள் அந்த இடுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டன.

● விலைக்கும் அலங்காரத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்டியது கான்டினென்டல் மார்க் 2. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகம். சாதாரண ஃபோர்டு சுமார் 2,000 டாலருக்குக் கிடைத்தபோது இதன் விலை ஏறத்தாழ 10,000. அந்தப் பணத்துக்குப் பக்கவாட்டில் என்ன வைத்தார்கள் என்றால், ஒன்றுமே வைக்கவில்லை. பெட்ரோல் ஊற்றும் மூடிகூடத் தெரியக்கூடாது என்று இடது பின்விளக்குக்குப் பின்னால் ஒளித்தார்கள். விளக்கைத் திருப்பினால்தான் வாய் தெரியும். வீல் கப்பை ஒரே தகடாக அழுத்தி எடுக்காமல், அதன் இதழ்களைத் தனித்தனியே செய்து கையால் முடுக்கினார்கள். சுமார் 3,000 வண்டிகளோடு நின்றது. ஒவ்வொன்றிலும் கம்பெனிக்கு நஷ்டம்தான்.

● கம்பெனி மாட்டிய நகையைப் பையன்கள் கழற்றினார்கள், தெரியுமா? 1940-களிலும் 50-களிலும் கலிஃபோர்னியா இளைஞர்கள் புதுக் காரை வாங்கியதும் முதலில் பட்டறைக்குத்தான் ஓட்டிப்போனார்கள். பானட் நுனிப் பொம்மை, டிக்கி எழுத்து, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் அகற்றி ஓட்டைகளை மூடுவதற்கு 'ஷேவிங்', சவரம், என்று பெயர். கைப்பிடி இல்லாத கதவை மறைவான ஒரு பட்டனால், மின்காந்தம் வைத்துத் திறந்தார்கள்.

ஓட்டையை எதால் அடைத்தார்கள்? இன்று நம் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்க்கிறோமே, அது அன்று இல்லை. ஈயம்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் முதல் பாதி பழக்கமாக இருக்கும். தகட்டை வெள்ளி தெரியும்வரை சுரண்டு, சூடு காட்டு, பற்று மருந்து தடவு, வெள்ளீயத்தை மெலிதாக ஓட்டித் துடை. அதற்கப்புறம்தான் கை நடுங்கும் இடம். காரீயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியை ஊதுவிளக்கில் காட்ட வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. கொஞ்சம் கூடினால் உருகித் தரையில் சொட்டிவிடும். நடுவில், வெண்ணெய்போல இளகி நிற்கும் சில நொடிகளில், கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் தள்ளித் தள்ளி வழித்துவிட வேண்டும். ஆறியதும் அரத்தால் சீவு. உப்புத்தாள் போட்டால் ஈயத்தூள் மூச்சில் போகும், அதனால் அரம்.

இப்படி ஈயம் சுமந்த தாழ்ந்த கார்களுக்கு 'லெட் ஸ்லெட்' என்று பேர் வந்தது. கலிஃபோர்னியாவின் லின்வுட் நகரப் பட்டறையில் சாம் பாரிஸ் என்பவர் தன் சொந்த 1949 மெர்க்குரியின் கூரையை வெட்டித் தாழ்த்தி, இந்த முறையில் வழித்துக் கட்டிய கார் பிறகு வந்த அத்தனை பேருக்கும் முன்மாதிரி ஆயிற்று.

● ஒரு நல்ல காரை அடுத்த ஓரிரு ஆண்டிலேயே இன்னும் சுத்தமாக்கிய சம்பவங்களும் உண்டு. 1963 கார்வெட் ஸ்டிங் ரேயின் பானட்டில் இரண்டு பொய்க் காற்றுத்துளைகள். பின்கண்ணாடி நடுவே ஒரு தண்டு. முதுகெலும்புபோல அந்தத் தண்டு வேண்டும் என்று அடம்பிடித்தவர் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல். பின்னால் வருவது தெரியவில்லை என்று சண்டை போட்டவர் பொறியாளர் ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவ். 1964-ல் பொய்த்துளைத் தகடும் போனது, தண்டும் போனது. (தண்டு விஷயத்தில் என் ஓட்டு மிட்செலுக்குத்தான்.) அவர் மேற்பார்வையில் வந்த 1963 பியூக் ரிவியேராவிலும் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு பொய்க் காற்றுவாய் இருந்தது. 1965-ல் அதையும் எடுத்து, ஹெட்லைட்டையும் மூடிக்குள் ஒளித்தார்கள்.

● பணமில்லாத எளிமையும் அழகுதான். 1968 பிளிமத் ரோடு ரன்னரில் தரைக்கு ரப்பர் பாய், முன்னால் ஒரே நீட்டு சீட்டு, சக்கரத்தின் நடுவில் நாய்க்கிண்ணம் அளவுக்கு ஒரு மூடி. அதற்குப் பெயரே 'டாக் டிஷ்'. காசு எல்லாம் 383 கன அங்குல எஞ்சினுக்குப் போயிற்று. அடிப்படை விலை 2,896 டாலர். ரோடு ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயருக்கு மட்டும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். முதல் ஆண்டே சுமார் 45,000 விற்றது. அன்று வேறு வழியில்லாமல் ஓட்டிய அந்த நாய்க்கிண்ண மூடியை இன்று பழைய கார் பிரியர்கள் விரும்பி வாங்கி மாட்டுகிறார்கள்.

● எங்காவது ஒரு 1961 கான்டினென்டலை நேரில் பார்க்கக் கிடைத்தால், எதிரே நின்று படம் எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். முன்விளக்கின் பக்கத்தில் குனிந்து, மட்கார்டு விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பின்னோக்கிப் பாருங்கள். அந்தப் பளபளப்புக் கரை ஒரே துண்டு அல்ல. முன் மட்கார்டு, முன்கதவு, பின்கதவு, பின் மட்கார்டு என்று நான்கு துண்டுகள், இடையில் மூன்று இடுக்குகள். நடு இடுக்கின் இருபுறமும் இரண்டு கைப்பிடிகள் முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும். ஒழுங்காகப் பூட்டிய வண்டியில் அந்த மூன்று இடுக்கையும் தாண்டிக் கோடு கொஞ்சமும் பிசகாமல் வால்விளக்குவரை போகும்.